மகனின் தட்டிலிருந்து எதை எடுப்பது, எதைச் சேர்ப்பது?

கேள்வி: குமரி மாவட்டம் கருங்கல் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு எட்டு வயது. ஓரிடத்தில் உட்கார மாட்டான், எழுத ஆரம்பித்ததை முடிக்க மாட்டான், வாரம் ஒரு பென்சில் பெட்டியாவது தொலைந்துவிடும். நாகர்கோவிலில் ஒரு மருத்துவர் பரிசோதித்து, ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைஇயக்கமும் சேர்ந்த கோளாறு) என்று சொல்லி, பெற்றோருக்கான பயிற்சிக்கு வரச் சொன்னார். மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையும் எழுதித் தந்தார். பயத்தில் அதை இன்னும் தொடங்கவில்லை; பயிற்சிக்கும் போகவில்லை. அக்கம்பக்கத்தாரும் உறவினரும் சொன்னதைக் கேட்டு, ஐந்து மாதமாகச் சீனி, கோதுமை, பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். மீன் சூடு என்று அதையும் குறைத்துவிட்டேன். ஒமேகா மாத்திரையும் நினைவாற்றல் லேகியமும் கொடுத்து வருகிறேன். எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லும் இரத்தப் பரிசோதனைக்குப் பல ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். வயிற்றில் பூச்சி இருக்கும், கண்ணூறு பட்டிருக்கும் என்கிறார் மாமியார்; ‘இவன் அப்பனும் சின்னதில் இப்படித்தான் இருந்தான்’ என்றும் சொல்கிறார். 23.5 கிலோ இருந்தவன் இப்போது 21.5 கிலோ இருக்கிறான். உணவாலேயே இதைச் சரிசெய்ய முடியுமா? நான் ஊட்டி வளர்த்ததில்தான் பிழையா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, மகனின் எடையைப் பற்றிப் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த அந்த ஒரு வரியைத்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஓர் ஆண்டில் இரண்டு முதல் மூன்று கிலோ எடை கூட வேண்டும். உங்கள் மகனுக்கு ஐந்து மாதத்தில் இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. ஆகவே மற்றக் கேள்விகளுக்குப் போகும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். நிறுத்தி வைத்த பாலையும் முட்டையையும் மீனையும் கோதுமையையும் இன்றே அவனுடைய தட்டுக்குத் திருப்பிக் கொடுங்கள். நன்றாகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் எடை ஏறவில்லை என்றால், குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பது போன்ற சில நோய்களில் எடைக்குறைவும் பரபரப்பும் சேர்ந்தே வரும் என்பதால், அதை உணவின் கணக்கில் மட்டும் எழுதிவிட்டு இருந்துவிடக் கூடாது.

இனி, நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் ஊட்டிய எதனாலும் உங்கள் மகனுக்கு இது வரவில்லை. ஏ.டி.எச்.டி. என்பது மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு நிலை. கவனத்தை ஒன்றில் நிறுத்துவதற்கும், கை கால் பரபரப்பை அடக்குவதற்கும், நினைத்தவுடன் செய்துவிடாமல் ஒரு கணம் பொறுப்பதற்கும் மூளையின் முன்பகுதியும் அதோடு இணைந்த நரம்புப் பாதைகளும் வேலை செய்கின்றன. டோபமின், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்கள் அங்கே செய்தி கடத்துகின்றன. இந்த ஏற்பாடு சில பிள்ளைகளிடம் மெதுவாகவும் வேறு விதமாகவும் அமைகிறது. இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள், இதில் மரபுக்கு உள்ள பங்கு ஏறத்தாழ எழுபது முதல் எண்பது விழுக்காடு என்று காட்டுகின்றன. குறைமாதத்தில் பிறப்பதும், பிறக்கும்போது எடை குறைவாக இருப்பதும் மீதிக் காரணங்களில் சில. உலகம் முழுவதும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது இருக்கிறது. ‘இவன் அப்பனும் சின்னதில் இப்படித்தான் இருந்தான்’ என்று உங்கள் மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, மருத்துவர் பயன்படுத்தக்கூடிய தகவல் என்று பார்த்தால் உங்கள் வீட்டில் பேசப்பட்டவற்றில் அந்தச் சொல்தான் முதன்மையானது. அதை அடுத்த முறை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சீனியைப் பற்றிய நம்பிக்கை நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. அமெரிக்கத் தாய்மார்களும் அரை நூற்றாண்டாக இதையேதான் நம்பி வருகிறார்கள். அங்கே 1994-இல் ஓர் ஆய்வு நடந்தது. சீனி சாப்பிட்டால் தம் பிள்ளைக்கு ஆட்டம் கூடுகிறது என்று உறுதியாகச் சொன்ன பெற்றோரின் குழந்தைகளையும் அதில் சேர்த்து, குடும்பம் முழுவதற்குமே உணவை ஆய்வாளர்கள் கொடுத்தார்கள். சில வாரம் சீனி மிகுந்த உணவு, சில வாரம் செயற்கை இனிப்பூட்டி சேர்த்த உணவு. எது எப்போது வருகிறது என்று பெற்றோருக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. நடத்தையிலும் கவனத்திலும் குறிப்பிடும்படியான வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இதே போன்ற 23 சோதனைகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 1995-இல் வந்தது. அதன் முடிவும் இதுதான். என் மனத்தில் இன்னும் ஆழமாகத் தங்கியது அதே 1994-இல் வெளியான வேறொரு சிறு ஆய்வு. ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுவர்கள் எல்லாருக்கும் சீனி இல்லாத பானத்தையே கொடுத்துவிட்டு, பாதித் தாய்மாரிடம் மட்டும் ‘உங்கள் மகன் நிறையச் சீனி குடித்திருக்கிறான்’ என்று சொன்னார்கள். அந்தத் தாய்மார், தம் மகன் மிகவும் ஆட்டம் போட்டதாக மதிப்பெண் போட்டார்கள். ஒளிப்பதிவைப் பார்த்தபோது, அவர்கள் பிள்ளையின் பக்கத்திலேயே நின்று, மற்றத் தாய்மாரைவிட அதிகமாகக் குறை சொல்லிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. நம்பிக்கை நம் கண்ணை மட்டும் மாற்றுவதில்லை. பிள்ளையிடம் நாம் பேசும் குரலையும் மாற்றுகிறது.

பிறந்தநாள் வீட்டில் கேக் சாப்பிட்ட பிள்ளை குதிக்கிறான் என்றால், அங்கே இருபது பிள்ளைகள், பாட்டுச் சத்தம், உறங்கும் நேரம் தவறியது என்று காரணங்கள் பல உண்டு. சீனியைக் குறைப்பது பல்லுக்கும் உடல் எடைக்கும் நல்லது. அந்த அளவில் உங்கள் கட்டுப்பாட்டை நான் வரவேற்கிறேன். ஆனால் சீனியை நிறுத்திவிட்டுக் கருப்பட்டியைத் தாராளமாகக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கருப்பட்டியின் பெரும்பகுதியும் சீனியில் உள்ள அதே சர்க்கரைதான். பல்லுக்கு இரண்டும் ஒன்றே.

இனிப்பைவிட அதன் நிறத்தில்தான் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1970-களில் பெஞ்சமின் ஃபைன்கோல்ட் என்ற அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர், செயற்கை நிறங்களும் மணமூட்டிகளும்தான் பிள்ளைகளின் மிகைஇயக்கத்துக்குக் காரணம் என்று சொல்லி, அவற்றை முழுவதும் நீக்கிய ஓர் உணவுமுறையைப் பரப்பினார். அவர் சொன்ன அளவுக்குப் பெரிய பலன் பின்னர் வந்த சோதனைகளில் தெரியவில்லை. ஆனாலும் 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில், மூன்று வயதுக் குழந்தைகளுக்கும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் ஆறு செயற்கை நிறங்களையும் சோடியம் பென்சோயேட்டையும் பானத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தபோது, ஏ.டி.எச்.டி. இல்லாத சாதாரணப் பிள்ளைகளிடமும் பரபரப்பு சற்றுக் கூடியது. அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியம், அந்த ஆறு நிறங்களில் ஏதேனும் ஒன்று சேர்ந்த பொட்டலத்தில் எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும் என்று 2010 முதல் கட்டாயமாக்கியது. விளைவு சிறியது, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் வருவதும் இல்லை. ஆயினும் நிறத்தால் பிள்ளைக்குக் கிடைக்கும் சத்து எதுவும் இல்லை என்பதால், இதைத் தவிர்ப்பதில் நட்டம் ஏதும் இல்லை. கடையில் வாங்கும் பொட்டலத்தின் பின்புறம் 102, 110, 122, 124 என்ற எண்கள் இருந்தால் அவை இந்த ஆறில் நான்கு நிறங்கள். 211 என்பது சோடியம் பென்சோயேட். கோட்டாறு திருவிழாவிலும் மண்டைக்காடு கொடையிலும் எண் எதுவும் அச்சிடாமல் விற்கும் அடர்நிற மிட்டாய்களில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். துணிச்சாயமான ரோடமின்-பி கலந்திருப்பது தெரியவந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது. திருவிழாவுக்குப் போன பிள்ளைக்கு முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் வாங்கிக் கொடுக்கலாம். அவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

பாலையும் கோதுமையையும் நிறுத்தியதற்கு வருகிறேன். கோதுமைப் புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் இருந்தாலோ, பாலோ முட்டையோ சாப்பிட்டவுடன் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தாலோ அவற்றை நிறுத்தத்தான் வேண்டும். உங்கள் மகனுக்கு அப்படி எதுவும் வந்ததாக நீங்கள் எழுதவில்லை. பல உணவுகளை ஒரே நேரத்தில் நீக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் முறை ஒன்று மருத்துவத்தில் உண்டு. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நான்கு முதல் எட்டு வயதுவரையான நூறு குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. அதில் பாதிப்பேருக்கு, அதாவது ஐம்பது பேருக்கு, அரிசி, இறைச்சி, சில காய்கள், பேரிக்காய், தண்ணீர் என்று மிகச் சுருங்கிய உணவை ஐந்து வாரம் கொடுத்தார்கள். 32 பேரிடம் நல்ல முன்னேற்றம் தெரிந்ததாக எழுதினார்கள். எண்ணைப் பார்த்தால் பெரிதாகத்தான் தோன்றும். ஆனால் யாருக்கு எந்த உணவு என்பது பெற்றோருக்குத் தெரிந்தே இருந்தது. சீனி ஆய்வில் தாய்மாரின் நம்பிக்கை என்ன செய்தது என்பதை இப்போதுதான் பார்த்தோம். அதோடு, அது வல்லுநரின் கண்காணிப்பில் ஐந்து வாரம் மட்டும் நடந்த சோதனை. வீட்டில் நாமாக ஐந்து மாதம் நடத்தினால் என்ன ஆகும் என்பதை உங்கள் மகனின் எடை சொல்லிவிட்டது.

அந்த இரத்தப் பரிசோதனைக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டாம். அது பெரும்பாலும் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்ப்பதாக இருக்கும். இந்தப் புரதம் நாம் வழக்கமாகச் சாப்பிடும் உணவுகளுக்கெல்லாம் உடலில் உண்டாவது. சாப்பிட்டிருக்கிறோம் என்பதற்கு அது சாட்சி, ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு ஆகாது. மேலே சொன்ன அதே ஆய்வில் இதையும் சோதித்தார்கள். முன்னேறிய பிள்ளைகளில் 30 பேருக்கு, இந்த அளவு அதிகமாகக் காட்டிய உணவையும் குறைவாகக் காட்டிய உணவையும் திரும்பக் கொடுத்துப் பார்த்ததில், 19 பேருக்குப் பழைய தொந்தரவு திரும்பியது. அளவு கூடிய உணவா குறைந்த உணவா என்பதால் அதில் வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை. அந்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் உணவில் நாற்பது பொருளை அடித்துவிட்டு வரும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

மீன் எண்ணெய் மாத்திரைக்கு வருவோம்; கடற்கரை மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் பற்றி விரிவாகப் பேசாமல் இருக்க முடியாது. ஒமேகா-3 கொழுப்பில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டும் மூளைக்குத் தேவையானவை. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளின் இரத்தத்தில் அவை சற்றுக் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சில, சிறிய பலனைச் சொன்னதும் உண்மை. ஆனால் 37 சோதனைகளை ஒன்றுசேர்த்து 2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு வெளியிட்ட மதிப்பாய்வில், பெற்றோர் போட்ட மதிப்பெண்ணின்படி கவனக்குறைவிலும் சரி, மிகைஇயக்கத்திலும் சரி, மருந்து எதுவும் இல்லாத வெற்று மாத்திரையைவிட இது மேலானதாகத் தெரியவில்லை. பெரிய கேடு இல்லாத பொருள்தான்; ஆனால் சிகிச்சைக்கு மாற்றாக நிற்கும் வலு அதற்கு இல்லை.

உங்கள் வீட்டில் உள்ள டப்பாவை எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் 1000 மில்லிகிராம் என்று பெரிதாக எழுதியிருந்தாலும், பின்பக்கம் சிறிய எழுத்தில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று போட்டிருக்கும். சந்தையில் உள்ள சாதாரண மாத்திரை பலவற்றின் அளவு இதுதான். அதாவது வேலைக்கு ஆகும் பகுதி 300 மில்லிகிராம், மிச்சமெல்லாம் மற்ற எண்ணெய். குளச்சலிலோ முட்டத்திலோ கரையேறும் சாளையில் (மத்தி மீன்) நூறு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் அளவுக்கு இந்த இரண்டும் சேர்ந்து இருக்கும். மூன்று மாத்திரைக்கு ஈடான கொழுப்பும், அதோடு புரதமும், முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்தும், வைட்டமின் டி-யும் அந்த ஒரு கை அளவு மீனில் கிடைத்துவிடுகின்றன. சாளை, அயிலை, நெத்தோலி மூன்றும் இதற்குப் பொருத்தமானவை. விலையும் கையைக் கடிக்காது. சுறா, பெரிய நெய்மீன் போன்ற, மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் என்பதால் பிள்ளைகளுக்கு அவற்றை எப்போதாவது கொடுத்தால் போதும். பொரிப்பதைவிட, தேங்காய் அரைத்து வைக்கும் குழம்பிலோ அவியலிலோ கொழுப்பு நன்றாகக் காப்பாற்றப்படும். மரச்சீனிக்கிழங்கு அவித்து, அதோடு சாளைக் குழம்பு ஊற்றி வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுத்தால், ஒமேகா பற்றி நீங்கள் வேறு கவலை கொள்ள வேண்டியதில்லை. மீன் ‘சூடு’ என்பதால் பிள்ளைக்குச் சேட்டை கூடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

உங்கள் கடிதத்தில் எங்கும் காணாத ஒரு சொல்லை நான் இங்கே சேர்க்க வேண்டியிருக்கிறது. அது இரும்புச்சத்து. டோபமினை மூளை தயாரிப்பதற்கு இரும்பு தேவை. பாரிஸ் நகரில் நடந்து 2004-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 84 பேருக்கு, இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு 30-க்குக் கீழே இருந்தது. மற்றப் பிள்ளைகளில் நூற்றுக்கு 18 பேருக்கே அப்படி. எல்லா ஆய்வுகளும் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. ஆனால் இரத்தசோகை நம் நாட்டில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நினைத்தால் இதைப் பார்க்காமல் விடக் கூடாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரும்பு குறைந்த பிள்ளைக்கு உறக்கத்தில் கால் ஓயாது. உறக்கம் கெட்ட பிள்ளை மறுநாள் வகுப்பில் நெளிவான்.

என்னிடம் வந்த ஒரு சிறுவனின் வீட்டில் காலையில் புட்டோடு கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்), பள்ளியிலிருந்து வந்தவுடன் பழம்பொரியோடு கட்டன் சாயா, இரவுச் சோற்றுக்குப் பிறகும் அரைக் கோப்பை. அவன் சுவரிலிருந்து சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பதை அம்மா வெட்கத்தோடு, கடைசியாக எழுந்து போகும்போதுதான் சொன்னார். ஃபெரிட்டின் ஒற்றை இலக்கத்தில் இருந்தது. சாயாவில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் உணவில் உள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாயாவை நிறுத்தி, மூன்று மாதம் இரும்பு மருந்து கொடுத்த பிறகு சுண்ணாம்புத் தின்பது நின்றது. இரவில் கால் உதைப்பதும் பெருமளவு குறைந்தது. அவனுடைய ஏ.டி.எச்.டி. போய்விட்டதா என்றால், போகவில்லை. ஆனால் நன்றாக உறங்கி எழுந்த பிள்ளைக்கு மற்றச் சிகிச்சை எளிதில் பிடித்தது.

ஆகவே உங்கள் மகனுக்கு ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் மட்டும், மருத்துவர் சொல்லும் அளவில் இரும்பு மருந்து கொடுங்கள். பள்ளியில் வாரம் ஒரு முறை இளஞ்சிவப்பு இரும்பு மாத்திரை கொடுத்தால் அவன் அதை விழுங்குகிறானா, பையில் போட்டுக்கொண்டு வருகிறானா என்று கேட்டுப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சிய இரும்பு சிறு பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து. மருந்தை எட்டாத உயரத்தில் வையுங்கள். உணவில், முருங்கையிலைத் துவரன், பயறு, வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரல், மீன் இவை உதவும். கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சை பிழிந்த தண்ணீரோ இருந்தால் கீரையின் இரும்பு உடலில் நன்றாகச் சேரும். துத்தநாகம், மெக்னீசியம், வைட்டமின் டி ஆகியவற்றுக்கும் இதே விதிதான்: குறைவு இருந்தால் ஈடுசெய்வது நல்லது, குறைவில்லாத பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. மருந்தாக அவற்றைக் கொடுக்கும்படி சொல்ல இப்போதுள்ள ஆதாரம் போதாது.

லேகியத்தைப் பற்றி எழுதும்போது எனக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. வர்ம ஆசான்களும் வைத்தியர்களும் தலைமுறை தலைமுறையாக மக்களைக் கவனித்து வந்த மாவட்டம் இது. அந்த மரபை இழித்துப் பேசுவது என் நோக்கம் இல்லை. வல்லாரைத் துவையல் பிள்ளைக்குப் பிடித்தால் தாராளமாகக் கொடுங்கள். அது நல்ல கீரை. நீர்ப்பிரம்மிச் சாற்றை ஆஸ்திரேலியாவில் சிறுவர்களுக்குக் கொடுத்து முறையாகச் சோதித்தபோது, கவனத்திலும் மிகைஇயக்கத்திலும் அது வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. உறக்கம் போன்ற சிலவற்றில் மட்டும் மாற்றம் தெரிந்தது. என் அச்சம் கீரையைப் பற்றியதல்ல; டப்பாவில் வேறு என்ன இருக்கிறது என்பதைப் பற்றியது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளை 2004-இல் சோதித்தபோது 14 மருந்துகளில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் குழந்தையின் மூளையைத் தாக்கும்போது முதலில் பாழாவது கவனமும் அறிவும்தான். கவனத்தைக் கூட்டுவதற்காகக் கொடுக்கும் மருந்தே கவனத்தைத் தின்றுவிடக் கூடாது. உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது, உலோகங்களைப் புடமிட்டுச் செய்யும் பஸ்பமோ செந்தூரமோ உண்டா, தயாரிப்பு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். எழுத்தில் பதில் கிடைக்காத மருந்தை நிறுத்திவிடுங்கள்.

பூச்சியைப் பற்றி மாமியார் சொன்னதில் பாதி சரி. பூச்சி இருந்தால் பசி குறையும், இரத்தம் குறையும், ஆசனவாய் அரிப்பால் உறக்கம் கெடும். ஆண்டுக்கு இரண்டு முறை பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையை அவன் சாப்பிட்டாலே போதும், விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்க வேண்டாம். கண்ணூறுக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போடுவதால் பிள்ளைக்குக் கேடில்லை. பாட்டியின் மன ஆறுதலுக்காக அதை விட்டுவிடுங்கள். ஆனால் அவன் காதில் விழும்படி ‘இவனுக்கு ஏதோ பட்டிருக்கிறது’ என்று பேச வேண்டாம் என்று அவரிடம் நயமாகச் சொல்லுங்கள்.

மாத்திரையைப் பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. மெத்தில்ஃபெனிடேட் தூக்க மாத்திரை அல்ல. கவனத்துக்கான நரம்புப் பாதையில் டோபமினும் நார்அட்ரினலினும் சற்று அதிக நேரம் நிற்கும்படி செய்யும் மருந்து. பல ஆண்டுகளாக ஆராயப்பட்டது. மருத்துவர் சொல்லும் அளவில் சிறு வயதில் இதை எடுத்துக்கொண்ட பிள்ளைகள், பின்னாளில் போதைப் பழக்கத்துக்கு ஆளாவது இதனால் கூடியதில்லை என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. கண்டிப்பான மருந்துச் சீட்டின் பேரில் மட்டும் விற்கப்படுவதால்தான் கடைக்காரர் ஒருவிதமாகப் பார்ப்பது. அதைக் கண்டு மருந்தையே தவறாக எண்ண வேண்டாம். இதன் முதன்மையான தொந்தரவு பசி குறைவது. ஏற்கெனவே எடை இழந்த பிள்ளை என்பதால் இதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எடை ஏறும்வரை காத்திருக்கலாமா, அளவைக் குறைத்துத் தொடங்கலாமா என்று அவர் முடிவு செய்வார். தொடங்கினால், காலை உணவுக்குப் பிறகே மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பொங்கலோ உப்புமாவோ கிடைத்தாலும், மாத்திரை போடும் பிள்ளை வீட்டிலேயே இரண்டு இட்லியும் ஒரு முட்டையுமாவது சாப்பிட்டுப் போகட்டும். மதியம் சோறு மிஞ்சி வந்தால் திட்ட வேண்டாம். மருந்தின் வேகம் தணியும் மாலையில் பசி திரும்பும். அந்த நேரத்துக்குச் செவ்வாழை அல்லது ஏத்தம்பழம், நிலக்கடலை, பால், இரவில் மீனும் சோறும் என்று கனமாகவே கொடுங்கள். எடையை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறையுமாவது மருத்துவர் அளந்து குறிக்க வேண்டும்.

பெற்றோர் பயிற்சியை ஏன் விட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கணவர் ஊரில் இல்லாமல், ஒவ்வொரு முறையும் பேருந்து ஏறி நாகர்கோவில் போய் வருவது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பயிற்சிதான், நான் இதுவரை சொன்ன எல்லா உணவையும்விட உங்கள் வீட்டின் அன்றாடத்தை அதிகமாக மாற்றக்கூடியது. தனியாரிடம் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவையும் மனநலப் பிரிவையும் அணுகுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலத்தைப் பார்க்கும் தேசியத் திட்டத்தின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.-யும் இருக்கிறது.

போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். உணவியல் வல்லுநரும் முதலில் இதையே கேட்பார். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டல் 2018-இல் சொன்னதும் இதுதான்: எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறத்தை நீக்கு, கொழுப்பு மாத்திரை கொடு என்று பொதுவாகச் சொல்லாதே. குறிப்பிட்ட உணவின் மீது பெற்றோருக்குச் சந்தேகம் இருந்தால் முதலில் எழுதிப் பார்க்கச் சொல். குலசேகரம் பக்கத்துத் தாய் ஒருவர், பரோட்டா தின்ற மறுநாள் மகன் அடங்குவதில்லை என்று உறுதியாக நம்பியிருந்தார். மூன்று வாரம் எழுதிக் கொண்டுவந்த நோட்டில், மோசமான நாள்களுக்கு முந்திய இரவுகளில் எல்லாம், அப்பா ரப்பர் பால் வெட்ட அதிகாலை மூன்று மணிக்குப் புறப்படும் சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டு, பிறகு உறங்கவே இல்லை என்பது தெரிந்தது. பரோட்டா தின்றும் நன்றாக இருந்த நாள்கள் நான்கு. அவர்கள் பிள்ளையின் படுக்கையைப் பின்பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். நீங்களும் சாப்பிட்டது, உறங்கிய நேரம், விழித்த நேரம், கைப்பேசி பார்த்த நேரம், அன்றைய நடத்தை எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுங்கள். அவன் குறட்டை விட்டாலும் வாயைத் திறந்து உறங்கினாலும் குறிப்பிடுங்கள், மூக்கின் பின்புறச் சதை வளர்ந்திருந்தாலும் பகலில் இதே போன்ற கவனக்குறைவு வரும்.

மருத்துவரிடம் போகும் நாளில் அந்த நோட்டையும், ஒமேகா டப்பாவையும், லேகியத்தையும், இதுவரை வாங்கிய எல்லா டானிக்கையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். மாத்திரையைத் தொடங்கவில்லை என்பதையும், ஐந்து மாதம் உணவை நிறுத்தியதையும் அவரிடம் அப்படியே சொல்லுங்கள். திட்டு விழும் என்று பயந்து எதையும் வீட்டில் விட்டுச் செல்ல வேண்டாம். அந்தப் பையில் உள்ளதைப் பார்த்தால்தான் எதை நிறுத்துவது, எந்த மருந்தை எந்த அளவில் தொடங்குவது என்று அவரால் சரியாகச் சொல்ல முடியும். ஃபெரிட்டின் முடிவு வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.